சாம்பாரில் உப்பில்லை என்று எழுதியவர்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவரின் பதில்கள்

சென்ற மாதம் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 1878இல் அமெரிக்காவின் யேல் கல்லூரியில் மாணவர்களே தொடங்கி நடத்திய நாளிதழைப் பற்றி நான்கு வரி சேர்த்திருந்தேன். அந்த நான்கு வரிக்குத்தான் இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி. முப்பத்தோராண்டுகள் கல்லூரி நூலகத்தில் இருந்தவள் நான். பழைய மாணவர் இதழ் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இப்போது அந்தக் காலத்து அமெரிக்க, ஆங்கிலேய மாணவர் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். இரவு சமையலறை விளக்கை அணைத்த பிறகு நான் உட்கார்ந்து படிப்பது அவற்றைத்தான். ஆகவே இந்த மாதம் முழுவதும் ஒரே பேச்சு.

கே: உலகின் முதல் கல்லூரி மாணவர் பத்திரிகை எது? ஒரே வரியில் சொல்லுங்கள், அம்மா.
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விருதுநகர்

ப: ஒரே வரியில் சொன்னால் தவறாகிவிடும், தம்பி. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி மாணவர் இதழ் 1799ஐத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் அந்த ஆண்டு தொடங்கியது டார்ட்மத் கெஜட் என்ற ஊர்ப் பத்திரிகை. அதில் மாணவர்களும் எழுதினார்கள். பின்னாளில் பெரும் பேச்சாளராகவும் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கிய டேனியல் வெப்ஸ்டர், மாணவராக இருந்தபோது இக்காரஸ் என்ற புனைபெயரில் அதில் எழுதியவர். இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் 1786லேயே பையன்கள் ஓர் இதழ் நடத்தினார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் கேனிங் பிற்காலத்தில் பிரதமரானார். அது பள்ளி, கல்லூரி அன்று. ஹார்வர்ட் மாணவர் இதழ் 1873இல் வந்தது. யேல் டெய்லி நியூஸ் 1878 ஜனவரி 28 அன்று வந்தது. மிகப் பழைய கல்லூரி நாளிதழ் என்று தன்னைச் சொல்லிக்கொள்வது இதுதான். தேர்வுத் தாளில் ‘நாளிதழ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

அந்தத் தேதியில் இன்னொரு விசேஷமும் உண்டு. யேல் இருக்கும் நியூ ஹேவன் ஊரில்தான், அதே 1878 ஜனவரி 28 அன்று, வணிக முறையிலான முதல் டெலிபோன் இணைப்பகம் 21 சந்தாதாரர்களோடு திறக்கப்பட்டது. காலம் மந்தமாகக் கிடக்கிறது, நம்மிடையே செய்திக்குத் தேவை இருக்கிறது, அதனால்தான் இந்தப் புது முயற்சி என்று முதல் இதழின் தலையங்கத்தில் அந்த மாணவர்கள் எழுதினார்கள். அதே ஊரில் அதே நாளில் பேசும் கம்பி ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது! அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

கே: அடிமை முறை ஒழிந்து, உள்நாட்டுப் போர் முடிந்து, டார்வினின் கொள்கை உலகை உலுக்கிய காலம் அது. அப்போது படித்த இளைஞர்கள் பத்திரிகை நடத்தி எதைப் பற்றி எழுதினார்கள்? தெருச் சேற்றைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இந்தச் சில்லறை விஷயங்களுக்காகவா ஒரு பத்திரிகை?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

ப: ஐயா, நீங்கள் கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே வேகத்தோடு பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய விஷயங்களையும் எழுதினார்கள். கவிதை எழுதினார்கள், ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவற்றில் பெரும்பகுதியை இன்று யாரும் படிக்க முடியாது. அதே கட்டுரை அதைவிடச் சிறப்பாக வேறு பத்து நூல்களில் இருக்கிறது. ஆனால் நூலகம் மாலையில் சீக்கிரம் மூடிவிடுகிறது, வகுப்பு முடிந்து வருபவன் எப்போது புத்தகம் எடுப்பது என்ற நான்கு வரி வேறெங்கும் கிடைக்காது. கல்லூரி வரலாறு எழுதியவர்கள் கட்டடத்துக்குக் கால்கோள் இட்ட தேதியை எழுதினார்கள், நன்கொடை கொடுத்தவர் பெயரை எழுதினார்கள். அந்தக் கட்டடத்தில் ஜனவரிக் குளிரில் அடுப்பு சரியாக எரிந்ததா என்று எழுதவில்லை. அதை எழுதியவன் அங்கே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன்.

1870களின் ஓர் இதழை நீங்கள் கையில் எடுத்தால் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். பொடி எழுத்து, நெருக்கமான பத்திகள். ஓரங்களிலும் பின்பக்கத்திலும் தையல்காரர், தொப்பிக் கடைக்காரர், செருப்புக் கடைக்காரர், போட்டோ பிடிப்பவர் விளம்பரங்கள். நடுவே ‘உள்ளூர்’ என்று ஒரு பகுதி. ஒரு வரி, இரண்டு வரிச் செய்திகள், இடையிடையே சிறு கோடு. யாருக்கு உடம்பு சரியில்லை, படகுப் போட்டிக்கு யார் பெயர் கொடுத்திருக்கிறார், எந்தப் பேராசிரியர் ஊருக்குப் போயிருக்கிறார், எந்த நடைபாதையில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, மாணவர்கள் சேர்ந்து சாப்பிடும் உணவுக் குழுவில் இந்த வாரம் என்ன போட்டார்கள். அதற்குக் கீழே, சந்தா கட்டாதவர்கள் தயவுசெய்து கட்டிவிடுங்கள் என்ற வேண்டுகோள். இந்த வேண்டுகோள் இல்லாத மாணவர் இதழை நான் பார்த்த நினைவே இல்லை.

‘மாற்று இதழ்கள்’ என்றொரு பகுதியும் இருக்கும். ஒரு கல்லூரி தன் இதழை இன்னொரு கல்லூரிக்குத் தபாலில் அனுப்பும். அவர்கள் தங்கள் இதழைத் திருப்பி அனுப்புவார்கள். வந்த இதழைப் பற்றி இரண்டு வரி மதிப்புரை போடுவார்கள். மதிப்புரை என்பதைவிடச் சண்டை என்பதே சரி. ‘உங்கள் கவிஞருக்கு யாப்பு தெரியவில்லை’ என்ற மாதிரி இவர்கள் எழுத, அடுத்த மாதம் அவர்கள் பதிலடி கொடுக்க, ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் இரண்டு கல்லூரிகள் ஒன்றையொன்று முகம் பார்க்காமலே இப்படிப் பேசிக்கொண்டன.

சில்லறை விஷயம் என்று நீங்கள் சொல்வது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஹார்வர்டில் அப்போது காலை வழிபாடு கட்டாயம். விடியற்காலையில் எழுந்து, குளிரில் ஓடி, வருகைப் பதிவு கொடுக்க வேண்டும். 1866இல் கொலீஜியன் என்ற பெயரில் சில மாணவர்கள் ஓர் இதழ் தொடங்கினார்கள். ‘ஆபத்து இனியது’ என்ற லத்தீன் தொடரைத் தங்கள் முழக்கமாக வைத்துக்கொண்டார்கள். கட்டாய வழிபாட்டைக் குறை கூறி எழுதினார்கள். ஆசிரியர் அவைக்குப் பொறுக்கவில்லை. சில இதழ்களிலேயே பத்திரிகை நின்றது. அதே ஆண்டு மே மாதம் அதே மாணவர்கள் அட்வகேட் என்ற வேறு பெயரில் மறுபடி வந்துவிட்டார்கள். அந்த இதழ் இன்றும் வருகிறது. கட்டாய வழிபாட்டை ஹார்வர்ட் 1886இல் கைவிட்டது; யேல் 1926 வரை விடவில்லை.

காலையில் தூக்கம் கெடுகிறது என்ற பையன்களின் புலம்பல்தான், ஐயா, அது. மனசாட்சியைக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருந்தது.

உணவைப் பற்றி நீங்கள் குறிப்பாகக் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் இதழ்கள் தோன்றுவதற்கு வெகு முன்பே, 1766இல், ஹார்வர்ட் மாணவர்கள் கெட்டுப்போன வெண்ணெய்க்காக ஒரு கலகமே செய்தார்கள். ‘பாருங்கள், எங்கள் வெண்ணெய் நாறுகிறது; நாறாத வெண்ணெய் தாருங்கள்’ என்று விவிலிய நடையில் ஒருவர் எழுந்து சொன்னாராம். அன்று அச்சில் ஏற வழியில்லாத அந்தக் குரல்தான் நூறாண்டு கழித்து உள்ளூர்ப் பகுதியில் இரண்டு வரியாக வந்தது.

கே: ஹார்வர்ட் இதழுக்குக் ‘கருஞ்சிவப்பு’ என்று ஏன் பெயர்? முதலில் வேறு பெயர் இருந்ததாமே?
— வாசகி, காரைக்குடி

ப: ஆமாம். 1873இல் தொடங்கும்போது மெஜந்தா என்று பெயர். இத்தாலியில் மெஜந்தா என்ற ஊரில் 1859இல் நடந்த போரின் நினைவாகப் பெயர் பெற்ற செயற்கைச் சாயம் அது. கல்லூரியின் நிறம் மெஜந்தாவா, கிரிம்சனா, அதாவது நீங்கள் சொன்ன கருஞ்சிவப்பா என்று மாணவர்களுக்குள் வாதம். 1875இல் கிரிம்சன் என்று முடிவானதும் பத்திரிகையும் தன் பெயரை கிரிம்சன் என்று மாற்றிக்கொண்டது. புடவைக் கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்துவிடும்: வாடாமல்லிப் பக்கம் சாய்வது மெஜந்தா, மாதுளை முத்துப் பக்கம் சாய்வது கிரிம்சன்.

கே: அந்த இதழ்களில் நகைச்சுவை இருந்ததா? நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கல்லூரி ஜோக் இன்று சிரிப்பூட்டுமா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: பாதிக்கு மேல் சிரிப்பு வராது, மகளே. லத்தீன், கிரேக்கச் சொற்களை வைத்துச் சிலேடை. அந்த மொழிகள் தெரிந்தால்தான் ரசிக்கலாம். காளமேகத்தின் சிலேடை வெண்பாவை உரையில்லாமல் ஒரு வெளிநாட்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் எப்படியோ, அப்படி.

ஆனால் சில உடனே புரியும். முதலாண்டு மாணவனை அவர்கள் ‘பச்சை’ என்பார்கள். நாம் பச்சைப் பிள்ளை என்கிறோமே, அதே பொருள். பழுக்காதவன், ஒன்றும் அறியாதவன். அதை வைத்துக்கொண்டு புல், மாடு, வசந்த காலம் என்று எத்தனை விதமாக விளையாட முடியுமோ அத்தனையும் விளையாடியிருக்கிறார்கள். அடுத்தது மீசை. பதினெட்டு வயதுப் பையனுக்கு மேலுதட்டில் நாலு முடி முளைத்தால், அதைப் பற்றி உள்ளூர்ச் செய்தியில் ஒரு வரி வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மட்டக்குதிரை ஜோக். லத்தீன் பாடத்துக்கு வரிக்கு வரி மொழிபெயர்ப்புப் புத்தகம் இரகசியமாகக் கைமாறும். நம் ஊரில் நோட்ஸ் என்கிறோமே, அதற்கு அண்ணன். அதற்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘போனி’, அதாவது மட்டக்குதிரை. நடக்கத் தெரியாதவன் அதில் ஏறிப் போகலாம் அல்லவா? ஒருவன் வகுப்பில் பேராசிரியர் கேட்ட வரிக்கு விழித்தால், குதிரை இடறிவிட்டது. தேர்வுக்கு முந்தைய இரவு லாயத்தில் கூட்டம். விடுமுறையில் குதிரைக்கு ஓய்வு. இந்த ஒரு சொல்லை விளங்கிக்கொண்டால் அந்தக் காலத்து ஜோக்குகளில் கணிசமானவை உங்களுக்குத் திறந்துகொள்ளும்.

நகைச்சுவைக்கென்றே தனி இதழ்களும் வந்தன. ஹார்வர்ட் லாம்பூன் 1876இல் தொடங்கியது. அதற்கும் முன்னால், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1829இல் ஸ்நாப் என்ற சிற்றிதழ். அந்த ஆண்டுப் பல்கலைக்கழகக் கவிதைப் பரிசுக்குக் கொடுத்த தலைப்பு, ஆப்பிரிக்காவின் டிம்பக்டூ நகரம். போட்டியில் எழுதியவர்கள் ஒருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ரெனே கையே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே போய்விட்டு உயிரோடு திரும்பியதே அதற்கு முந்தைய ஆண்டுதான். அப்போது கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த தாக்கரே, பரிசுக் கவிதை போலவே ஒரு போலிக் கவிதையை, அறிஞர்கள் எழுதுவது போன்ற அடிக்குறிப்புகளோடு எழுதி ஸ்நாபில் வெளியிட்டார். நிஜப் பரிசை வென்றவர் டென்னிசன். ஒரே தலைப்பில் இரண்டு மாணவர்கள். ஒருவர் பெருங்கவிஞரானார், மற்றவர் பெரும் நாவலாசிரியரானார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் போலிக் கவிதை ஆப்பிரிக்க மக்களின் தோல் நிறத்தையும் சுருட்டை முடியையும் சொல்லித்தான் தொடங்குகிறது. வீண் ஆடம்பரக் கவிதையைக் கேலி செய்யப் போனவர், போகிற வழியில் ஒரு மக்களையும் கேலி செய்துவிட்டார். அந்த நூற்றாண்டின் மாணவர் நகைச்சுவையில் இது அடிக்கடி எதிர்ப்படும்: கறுப்பினத்தவர், ஐரிஷ் வேலைக்காரர்கள், படிக்க வந்த பெண்கள் எல்லோரும் இலக்கு. தனக்கு மேலே இருந்த பேராசிரியரையும் சமையற்கூடத்தையும் சிரித்த இடங்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன. தனக்குக் கீழே இருந்தவர்களைச் சிரித்த இடங்களைப் படிக்கும்போது எனக்கு மனம் கசந்துபோகிறது.

கே: அப்படியானால் பெண்களும் கறுப்பின மாணவர்களும் இதழ் நடத்தவில்லையா?
— வாசகர், புதுச்சேரி

ப: நடத்தினார்கள். வாசர் பெண்கள் கல்லூரியின் மிசலனி 1872இல் தொடங்கியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில், பின்னாளில் நாவலாசிரியரான வில்லா கேதர் 1890களில் ஹெஸ்பீரியன் என்ற மாணவர் இதழில் ஆசிரியப் பொறுப்பு வகித்தார். முதலாண்டுகளில் அவர் தாமஸ் கார்லைல் என்ற எழுத்தாளரைப் பற்றி எழுதிய கட்டுரையை, அவருக்குத் தெரியாமலே பேராசிரியர் நகரத்து நாளிதழுக்குக் கொடுத்துவிட்டார். தன் பெயரை அச்சில் பார்த்த அன்றுதான் எழுத்தாளராவது என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. டென்னசியில் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குமாகத் தொடங்கிய ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில், 1880களில், ஃபிஸ்க் ஹெரால்ட் இதழின் ஆசிரியராக இருந்தவர் டு பாய்ஸ். பின்னாளில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக் குரலாக ஒலித்தவர் அவர்.

ஆனால் மாணவர் கையால் அச்சடிக்கப்பட்டதெல்லாம் மாணவர் குரல் அன்று என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் 1879இல் அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்கென ஓர் உறைவிடப் பள்ளி தொடங்கினார்கள். பிள்ளைகளின் தலைமுடியை வெட்டினார்கள். தாய்மொழி பேசக் கூடாது என்றார்கள். அங்கிருந்து இண்டியன் ஹெல்பர் என்றொரு சிறு வார இதழ் வந்தது. ‘இதை அச்சடிப்பவர்கள் இந்தியச் சிறுவர்கள், ஆனால் இதழாசிரியர் வாத்திய மேடை மனிதர், அவர் இந்தியர் அல்லர்’ என்று அந்த இதழே தன்னைப் பற்றி அச்சிட்டது. இங்கே இந்தியர் என்பது அமெரிக்கப் பழங்குடியினரை. பள்ளி வளாகத்தின் நடுவே வாத்தியக் குழுவுக்கான மேடை. அதில் நின்றால் எல்லாப் பக்கமும் தெரியும். அங்கே நின்று பிள்ளைகளைக் கண்காணிக்கும் ஒரு கற்பனை மனிதரின் பெயரில்தான் செய்திகள் வரும். யார் ஒழுங்காக ஆங்கிலம் பேசினான், யார் சோம்பலாக இருந்தான் என்ற வரிகளை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக எடுத்து அச்சுக் கோத்தவை அந்தப் பிள்ளைகளின் விரல்கள். அங்கே சமையலில் உப்பில்லை என்று எழுத அவர்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

கே: என் மகன் பொறியியல் இரண்டாமாண்டு. நண்பர்களோடு மாணவர் இதழ் நடத்துகிறேன் என்று படிப்பைக் கோட்டைவிடுகிறான். மூன்று இதழ் வந்தது. கைக்காசு போனதுதான் மிச்சம். அவன் அப்பா வீட்டில் பேச்சையே நிறுத்திவிட்டார். நான் யார் பக்கம் நிற்பது?
— ஒரு தாய், சேலம்

ப: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1871இல் நடந்தது நினைவுக்கு வந்தது. அங்கே நான்கு மாணவர்கள் பல்கலைக்கழக இதழ் ஒன்று தொடங்கினார்கள். அவர்களில் ஒருவருக்கு இருபது வயது. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் குடும்பம். மகனும் பொறியாளராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. முதல் இதழை நால்வரும் பரபரப்பாகச் சேர்ந்து தயாரித்தார்கள். இரண்டாவதை இருவர் பார்த்தார்கள். மூன்றாவது அந்த ஒருவர் தலையில் விழுந்தது. நான்காவதை யார் தொகுத்தார் என்பதே தீராத கேள்வி என்று பின்னாளில் அவரே எழுதினார். நான்கு மாதத்தில் இதழ் நின்றது. மனத்துக்குப் பிடித்த பெண்ணுக்கு ஒரு பிரதி அனுப்பினார். அந்தப் பெண் இதழைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நஷ்டத்தில் தன் பங்கைக் கட்டுவதற்காகத் தந்தை முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. தந்தை கடிந்துகொள்ளவில்லை. அதே ஆண்டு வசந்தத்தில்தான், எனக்குப் பொறியியல் வேண்டாம் என்றும் அவர் தந்தையிடம் சொன்னார். அப்பாவும் மகனும் பேசிப் பேசி, சரி, சட்டமாவது படி என்ற இடத்துக்கு வந்தார்கள். அவர்தான் பின்னாளில் ‘புதையல் தீவு’ நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன்.

எல்லாப் பையன்களும் ஸ்டீவன்சன் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உட்ரோ வில்சன் 1878–79இல் பிரின்ஸ்டன் கல்லூரியின் பிரின்ஸ்டோனியன் இதழை நடத்தினார். விளையாட்டுக் குழுக்களை ஒழுங்காக நிர்வாகம் செய்யுங்கள் என்று தலையங்கம் எழுதியவர் அமெரிக்க ஜனாதிபதியானார். அவரோடு உட்கார்ந்து மெய்ப்புத் திருத்திய மற்றவர்கள் வழக்கறிஞராகவும் பாதிரியாராகவும் போனார்கள். அதுவும் நல்ல வாழ்க்கைதான்.

நீங்கள் மகன் பக்கமும் நிற்க வேண்டாம், கணவர் பக்கமும் நிற்க வேண்டாம். மகனிடம் கணக்கு நோட்டைக் கேளுங்கள். அச்சுக்கு எவ்வளவு, சந்தா எவ்வளவு வந்தது, யார் பாக்கி என்று எழுதி வைத்திருக்கிறானா? எழுதியிருந்தால் அந்த நோட்டோடு அவனை அப்பா முன்னால் உட்கார வையுங்கள். எழுதவில்லையென்றால், அடுத்த இதழ் எழுதிய பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய மாதம் இதழ் வேண்டாம் என்பதும் கண்டிப்பாக இருக்கட்டும். வீட்டில் பேச்சை நிறுத்துவது மட்டும் கூடாது. அதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கே: நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் இப்படி ஏதும் உண்டா?
— தமிழாசிரியை, மன்னார்குடி

ப: மாணவர்கள் கைபட்ட பெரிய பத்திரிகையே உண்டு. யேல் மாணவர்கள் நாளிதழ் தொடங்கிய அதே 1878இல், செப்டம்பர் 20 அன்று, சென்னையில் ஆறு இளைஞர்கள் தி இந்துவைத் தொடங்கினார்கள். அவர்களில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர்கள். மற்ற நால்வரும் சட்டக் கல்லூரி மாணவர்கள். முத்துசாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியதை வெள்ளையர் பத்திரிகைகள் இழிவாக எழுதியது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, மின்ட் தெரு ஸ்ரீநிதி அச்சகத்தில் எண்பது பிரதிகள் அடித்தார்கள். முதலில் வார இதழ்தான். இது கல்லூரிப் பத்திரிகை அன்று என்பதை மறக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் யாழ்ப்பாணம். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் உயர்கல்விச் செமினரி ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே படித்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இரு தமிழர்கள் 1841 ஜனவரி 7 அன்று உதயதாரகையை வெளியிட்டார்கள். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இதழ். பெயரைப் பார்த்து அவர்களை வெள்ளைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே படித்த பல பிள்ளைகளுக்கு மிஷனின் வழியாக அப்படிப் பெயர் வந்தது. செமினரியின் முதல் தலைவர் டேனியல் பூவர், 1811இல் டார்ட்மத்தில் பட்டம் பெற்றவர். முதல் பதிலில் சொன்ன வெப்ஸ்டர் படித்தாரே, அதே டார்ட்மத். பிறகு பூவர் மதுரைக்கும் வந்து பணியாற்றினார். மதுரை அமெரிக்கன் கல்லூரி நூலகம் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கே: அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் 1961ஆம் ஆண்டு விடுதிக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. குண்டூசி துருப்பிடித்திருக்கிறது; ஓரம் உதிர்கிறது. லாமினேட் செய்து வைக்கலாமா? பதினேழாம் பக்கத்தில் விடுதியின் ஒரு வார உணவுப் பட்டியலும் அதைக் கிண்டல் செய்து ஒரு பாட்டும் இருக்கின்றன, அப்பாவின் கையெழுத்து.
— வாசகர், தஞ்சாவூர்

ப: லாமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், பத்து வருடத்தில் பழுப்புக் கறை விட்டுத் தாளைத் தின்றுவிடும்.

உங்கள் கடிதம் என்னை ஒரு நாள் முழுவதும் வேறு வேலை செய்யவிடவில்லை. 1974இல், தென்மாவட்டத்து மகளிர் கல்லூரி விடுதி ஒன்றில், நாங்கள் ஐந்து பேர் இப்படி ஒரு பத்திரிகை நடத்தினோம். கோடு போடாத நீள நோட்டு, நாற்பது பக்கம். கையெழுத்து அழகாக இருந்த ஒருத்திதான் எல்லாப் பக்கமும் எழுதுவாள். ஒரே ஒரு பிரதி. அறை அறையாகப் போய்த் திரும்பி வரும்போது ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. வியாழக்கிழமை சாம்பாரில் உப்பில்லை என்று ஒரு பக்கம் எழுதினோம். விடுதிக் காப்பாளர் நோட்டை வாங்கிப் படித்தார். திட்டவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினார். மூன்றாண்டு முடித்து வெளியே வரும்போது கேட்டேன்; காணவில்லை என்றார்கள். அந்த ஐவரில் இருவர் இப்போது இல்லை. அவர்கள் எழுதியதில் எனக்கு மனப்பாடமாக நினைவிருப்பது இரண்டே வரி.

ஆகவே நிதானமாகச் செய்யுங்கள். கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். நோட்டைத் தட்டையான மேசையில் வைத்து, குண்டூசியை இழுக்காமல், தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிக்கொண்டு, ஊசியைச் சிறு இடுக்கியால் பிடித்து மெதுவாக வளைத்து எடுங்கள். துரு தாளில் ஒட்டியிருந்தால் சுரண்ட வேண்டாம். பக்கங்களின் வரிசை கலையாமல் பென்சிலால் மூலையில் மெல்லியதாக எண் போடுங்கள். பேனா கூடவே கூடாது. வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். அட்டையின் உள்பக்கத்தையும் வெற்றுப் பக்கங்களையும் விடாதீர்கள். படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள். பிறகு நோட்டைத் துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, படுக்கை வாட்டில், ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். பழைய டிரங்குப் பெட்டிக்குள் திரும்ப வைக்க வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை எடுத்துப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாவோடு அந்த விடுதியில் இருந்தவர்கள் யாராவது இருந்தால், படங்களை எடுத்துக்கொண்டு இந்த வாரமே நேரில் போய்க் காட்டுங்கள். எந்தச் சமையற்காரர், எந்தக் கிழமை, யார் அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டார் என்று அவர்கள் சொல்வதைத் தனித் தாளில் எழுதி, தேதியிட்டு, நோட்டோடு சேர்த்து வையுங்கள். படம் எடுக்கும்போது பதினேழாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். உதிரத் தொடங்கியிருப்பது அந்தப் பக்கத்தின் ஓரம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்.